முதல் மாடியிலிருந்து இறங்கி வந்த நரம்பு

ஆடித் தள்ளுபடியின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, ஆவுடையப்பன் ஸ்டோர்ஸின் முதல் மாடியில், காட்டன் சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்த சந்தனமாரியின் இடது கெண்டைக்காலில் பதினாறு வருஷமாகப் புடைத்துச் சுருண்டு கிடந்த நீல நரம்பு, இந்தக் காலுக்குள்ளேயே எவ்வளவு நாளைக்குத்தான் சுற்றுவது என்று நினைத்ததோ என்னவோ, குதிகால் வழியாக இறங்கி வெள்ளை டைல்ஸ் தரைக்குள் நீண்டுவிட்டது. சத்தமில்லை, வலியில்லை, ஒரு சொட்டு ரத்தமில்லை. அந்த நேரம் அவள் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்துக்கு நாற்பத்தேழாவது சேலையை உதறி விரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூட்டமோ நாற்பத்தேழையும் பார்த்துவிட்டு, முதலில் காட்டினீர்களே அதையே எடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆகவே தரையைக் குனிந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை.

சந்தனமாரி அந்தக் கடைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். காலை ஒன்பதரைக்கு ஏறி நின்றால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் இறங்குவாள். வருகிறவர்களைப் பார்த்து அவள் சொல்லும் முதல் வார்த்தை, "வாங்கம்மா, உக்காருங்கம்மா." ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்வாள், ஆடியிலும் தீபாவளியிலும் முந்நூறு தடவை சொல்வாள், கணக்குப் போட்டுப் பார்த்தால் திருநெல்வேலிச் சீமையில் பாதிப்பேரை அவள் உட்கார வைத்திருப்பாள். அவளை உட்காரச் சொல்லத்தான் ஆளில்லை. சட்டம் வந்ததே, கடையில் நிற்கிறவர்களுக்கு ஸ்டூல் போட வேண்டும் என்று, வந்ததுதான். முதலாளி ராசாமணி அண்ணாச்சியும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான், பன்னிரண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டார். அதன் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்காமல், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கட்டு உள்பாவாடையை அடுக்கி வைத்தார். உட்கார வேண்டும் என்று தோன்றினால் கடைப் பெண்கள் கக்கூஸுக்குப் போவார்கள். அங்கே கேமரா இல்லை.

தரையில் விழுந்த நீலக்கோட்டை முதலில் பார்த்தவள் பிலோமினா. அடுத்த கவுண்டரில் சுடிதார் பிரிவில் நிற்கிறவள், வயசு முப்பது, வாய் மட்டும் ஐம்பது பேருக்குச் சமம். "யக்கா, யாரு பேனா மைய கொட்டுனது?" என்று செருப்பால் தேய்த்தாள். போகவில்லை. கூட்டுகிற அம்மா வந்து ஆசிட் ஊற்றித் தேய்த்தாள். டைல்ஸ் பளபளத்தது, கோடும் பளபளத்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் கோடு ஒரு சாண் வளர்ந்து இரண்டாகக் கிளை பிரிந்திருந்தது. தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. பிலோமினா அதை மிதித்தபோது சந்தனமாரிக்குக் கெண்டைக்காலில் குறுகுறு என்று கூசியது. "ஏட்டி, காலை எடு, என் நரம்ப மிதிக்க," என்றாள் சந்தனமாரி. அவள் அதைச் சொன்ன மாதிரியே, சோற்றுப் பானையை யாரோ தட்டிவிட்டதைச் சொல்வது போல, ஊரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

ராத்திரி வீட்டில் அவள் இதைச் சொன்னபோது புருஷன் வேலுச்சாமி கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பரோட்டா மாஸ்டர். கல்லுக்கு முன்னால் நிற்கிறவன், அவனுக்கும் வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு முடிச்சு உண்டு. "நின்னு நின்னு எனக்குத்தான் முதல்ல வரும்னு நெனச்சேன். நீ முந்திக்கிட்டியே," என்றான். பதினாறு வருஷமாக ராத்திரி தோறும் அவன்தான் அவள் காலுக்குச் சுடுதண்ணீர் ஊற்றி, நல்லெண்ணெய் தேய்த்து, மேலிருந்து கீழாக அழுத்தி அழுத்தி உருவிவிடுவான். அவனுக்குத் தெரிந்த ஒரே பிரியம் அது. அது நரம்புக்கு ஆகாது என்று பின்னால் டாக்டரம்மா சொல்லப்போவது அவனுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கும் உருவிவிட்டான்.

ஆவணி பிறந்தபோது நரம்பு காட்டன் பிரிவைத் தாண்டி, சுங்குடிச் சேலை அலமாரியைச் சுற்றி, ரெடிமேட் ஜாக்கெட் பக்கம் ஒரு கிளையை அனுப்பிப் பார்த்து, அது வேண்டாம் என்று அதை விட்டுவிட்டு, மாடிப்படியை நோக்கித் திரும்பியிருந்தது. பிலோமினா நிற்கிற இடத்திலும் இப்போது மெல்லிய கத்தரிப்பூ நிறக் கோடுகள் ஒட்டடை மாதிரி படர ஆரம்பித்தன. அவள் தொடையில் அதே மாதிரி கோடுகள் இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து இருக்கின்றன. ஆனால் அவளுடையது ஒரு டைல்ஸைத் தாண்டவில்லை. நகர்ந்தது சந்தனமாரியுடையது மட்டும்தான், அதுவும் அவள் தன் இடத்தில் நிற்கும்போது மட்டும்தான்.

ஊர் சும்மா இருக்குமா? ஜவுளி எடுக்க வருகிறவர்கள் நரம்பையும் பார்த்துவிட்டுப் போனார்கள், நரம்பைப் பார்க்க வந்தவர்கள் ஜவுளியும் எடுத்துக்கொண்டு போனார்கள். டைல்ஸ் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு இந்த டிசைன் ராஜஸ்தானில் கிடைக்கும் என்றார், யாரும் கேட்கவில்லை. செவ்வாய், வெள்ளியில் சிலர் அதன் ஓரத்தில் குங்குமம் வைத்தார்கள். குழந்தைகளை, மிதிக்காதே, சந்தனமாரி அக்காவுக்குக் கூசும் என்று தூக்கிக்கொண்டு தாண்டினார்கள். வெள்ளையில் நீலக்கிளை ஓடுகிற சேலை ஒன்று நெய்து வந்தது. "சந்தனமாரி காட்டன்" என்று பலகை எழுதிப் போட்டார்கள், வாங்கிக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். இருபத்திரண்டு வருஷமாக "ஏ, காட்டன் செக்ஷன்!" என்று கூப்பிட்ட கடையில் முதல் தடவையாக அவள் பேரைச் சொல்லித் தேடி வந்தார்கள். பொய் சொல்லக்கூடாது, அவளுக்கு அது பிடித்திருந்தது. காலையில் கண்ணாடி முன்னால் பொட்டு வைக்கும்போது ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றாள்.

நரம்பு படியில் இறங்க ஆரம்பித்ததும்தான் பேச்சு வேறு திசைக்குப் போனது. எங்கே போகிறது இது? பாத்திரக்கடைக்கா, பஸ் ஸ்டாண்டுக்கா, பிள்ளையார் கோயிலுக்கா? வேலுச்சாமியின் பரோட்டாக் கடையில் டீ குடிக்கிறவர்கள் பந்தயம் கட்டினார்கள். ராசாமணி அண்ணாச்சிக்கு மட்டும் சந்தேகமே இல்லை. படி இறங்கினால் நேரே எதிரே என்ன இருக்கிறது? கல்லா. கல்லாவுக்கு மேலே யார் படம் இருக்கிறது? லட்சுமி. "மகாலட்சுமி நடந்து வாரா," என்றார். சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. கெட்ட மனுஷன் இல்லை. அப்பா தலையில் துணி மூட்டை சுமந்து ஊர் ஊராக விற்று உண்டாக்கிய கடை, அதை மூன்று மாடியாக்கியவர். அப்பா ஆவுடையப்பன் செத்த நாளிலிருந்து அவருடைய பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலியைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே போட்டு, அதில் அவர் படத்தைச் சாய்த்து வைத்து, மாலை போட்டு, தினமும் காலையில் சாம்பிராணி காட்டிவிட்டுத்தான் ஷட்டரை முழுசாகத் தூக்குவார். அந்த நாற்காலியில் ஒருத்தர் உட்கார்ந்தது கிடையாது. கைப்பிடியில் விரல் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு காரியம் நடந்தது. சந்தனமாரிக்குக் கால் ரொம்பக் கனத்து, கக்கூஸில் போய்க் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். வந்து பார்த்தால், படியில் நரம்பின் நுனிக்கு அண்ணாச்சி சாக்பீஸால் போட்டிருந்த அடையாளத்திலிருந்து நரம்பு ஒரு சாண் பின்னால் போயிருந்தது. கடையே பதறிவிட்டது. கடைக்குள் அவள் உட்கார்ந்தால் நரம்பு திரும்பிப் போகிறது, நின்றால் முன்னால் வருகிறது, இவ்வளவுதான் விஷயம், சின்னப் பிள்ளைக்கும் புரியும். அன்றிலிருந்து அவளுக்கு இளநீர் வந்தது, தலைக்கு மேலே தனி ஃபேன் வந்தது, மத்தியானச் சாப்பாட்டை நின்றபடியே சாப்பிட உயரமான மேஜை வந்தது. ஸ்டூல் மட்டும் வரவில்லை. "தீபாவளி வரைக்கும் ஒக்காந்திராத தாயி, ஒன்னக் கையெடுத்துக் கும்புடுதேன்," என்று அண்ணாச்சி நிஜமாகவே கும்பிட்டார். கக்கூஸுக்குப் போனால் வெளியே நின்று கதவைத் தட்டுவதற்குப் பிலோமினாவைப் போட்டார். பிலோமினா தட்டமாட்டாள், கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு நிமிசம் இருந்துக்கோக்கா, நான் பாத்துக்கிடுதேன்," என்பாள். நரம்பு விரற்கடை பின்வாங்கும். அப்புறம் ஏச்சு விழும்.

அந்த வாரம்தான் கணுக்காலுக்கு உள்பக்கம் தோல் கறுத்து, அரித்து, ஒரு நாள் வெடித்துப் புண்ணானது. வேலுச்சாமி மஞ்சளைக் குழைத்து வைத்தான், ஆறவில்லை. வேப்பெண்ணெய் வைத்தான், பெரிதானது. ஒரு திங்கட்கிழமை காலையில் கடைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, அவளைப் பிடரியில் கை வைத்துத் தள்ளாத குறையாக டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனான்.

டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காலைப் பார்த்தார். "நரம்பு தரையிலயும் போகுதாமே?"

"ஆமாம்மா. மாடிப்படில எறங்கிக்கிட்டு இருக்கு."

"அது இருக்கட்டும். புண்ணு எத்தன நாளா?" என்றார் டாக்டரம்மா. அவருக்குத் தினம் நூறு கால் பார்க்க வேண்டியிருந்தது. ஜெல் தடவி ஒரு மெஷினை வைத்துப் பார்த்தார். டிவியில் ரத்தம் கீழே போகும்போது ஒரு நிறம், மேலே போகும்போது ஒரு நிறம் என்று காட்டினார். "காலுக்குப் போன ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பி ஏறணும்லா? கிணத்துத் தண்ணி மாதிரி தானா ஏறாது. நடக்கும்போது கெண்டைச்சதை அமுக்கி அமுக்கி மேல தள்ளும். ஏறுன ரத்தம் கீழ வுழாம இருக்க நரம்புக்குள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு. நீங்க பன்னெண்டு மணி நேரம் நின்ன எடத்துலயே நின்னா, அந்தக் கதவு தளந்துபோவும். மூடாது. ரத்தம் கீழேயே தேங்கி நரம்பு வீங்கிச் சுருண்டுக்கிடும். தேங்குன எடத்துல தோலு கறுத்துப் புண்ணாவும். ஒங்க அம்மாவுக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. எம்புள்ள பொறந்தப்பதான் எனக்கு மொதல்ல புடைச்சது."

"எல்லாம் சேந்துதான். மனுசங்க செஞ்ச பாவம் ஒண்ணும் கெடையாது, போதுமா?" என்ற டாக்டரம்மா, வேலுச்சாமி பக்கம் திரும்பினார். "சுடுதண்ணி ஊத்தி உருவுனது நீங்கதானா? நல்ல மனசு. இனிமே செய்யாதீக. சூடு பட்டா நரம்பு இன்னும் விரியும்." வேலுச்சாமி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பதினாறு வருஷம் உருவிய கைகள். சந்தனமாரி மேஜைக்குக் கீழே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

புண்ணுக்கு அழுத்திக் கட்டுகிற கட்டு, அப்புறம் காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்னால் போட வேண்டிய இறுக்கமான நீளக் காலுறை, தீபாவளிக்கு முன்னால் முடிந்தால் லேசர். கெட்டுப்போன நரம்பை உள்ளேயே சுட்டு மூடிவிட்டால் ரத்தம் நல்ல நரம்பு வழியாகப் போய்க்கொள்ளும், அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். சந்தனமாரி கேட்டதால் பிலோமினாவுக்கும் சொன்னார், அவளுக்கு இருக்கும் சிலந்திவலை மாதிரியானதற்கு ஊசியே போதும். இவ்வளவையும் சொல்லிவிட்டு டாக்டரம்மா பேனாவை மூடினார். "ஆனா எதச் செஞ்சாலும், நிக்கத நிறுத்தலன்னா பிரயோசனமில்ல. பகல்ல மூணு தடவை, அரைமணி நேரம், சாஞ்சு உக்காந்து காலைத் தூக்கி வைக்கணும். நெஞ்சு மட்டத்துக்கு மேல. இப்படியே தீபாவளி வரைக்கும் நின்னீகன்னா புண்ணு ஆழமாப் போவும், சீழ் வச்சிட்டா காலுக்கே ஆபத்து. ஒங்க முதலாளிக்கு நானே சீட்டு எழுதித் தாரேன்."

அண்ணாச்சி சீட்டை வாங்கிப் படித்தார். முழுசாகப் படித்தார். படித்துவிட்டு அதன் நாலு மூலையிலும் குங்குமம் வைத்து, லட்சுமி படத்துக்கு அடியில் செருகினார். "எல்லாம் அவ பாத்துக்கிடுவா. முப்பத்திநாலு நாளுதான் தாயி. நரம்பு கல்லாவத் தொடட்டும், ஒனக்கு ஆஸ்பத்திரிச் செலவு பூராவும் நம்ம கட." கடையில் காலைத் தூக்கி வைப்பதா, அதுவும் நெஞ்சுக்கு மேலே, வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே, சாமி படத்துக்கு நேரே? அதை அவர் வாயால் சொல்லக்கூட இல்லை. சந்தனமாரிக்கே சொல்லக் கூச்சமாக இருந்தது. அவளும் காலை நீட்டி உட்கார்ந்தால் அடி விழுகிற வீட்டில் வளர்ந்தவள்தானே. வேலையை விட்டுவிடு என்றான் வேலுச்சாமி. விட்டுவிட்டு? வேறு கடை என்றாலும் நிற்கத்தான் வேண்டும், அதுவும் பேர் தெரியாமல் நிற்க வேண்டும். மறுநாள் கட்டுப் போட்ட காலோடு தன் டைல்ஸில் போய் நின்றாள்.

கட்டு தினமும் நனைந்தது. நரம்பு தினமும் இறங்கியது. பதினெட்டுப் படி, படிக்கு இரண்டு நாள். கடைசிப் படியைத் தாண்டித் தரைத்தளத்தில் அது கால் வைத்த அன்றைக்குக் கடையில் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல். சந்தனமாரிக்கு லேசாகக் காய்ச்சல் இருந்ததால் வாயில் ருசி தெரியவில்லை. பிலோமினா இலையை வாங்கி வைத்துவிட்டு, அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. வருஷத்திலேயே பெரிய வியாபார நாள், ஊரும் சுற்றுப்பட்டு முப்பது கிராமமும் கடைக்குள் நிற்கிற நாள். நரம்பின் நுனி கல்லாவுக்கு ஒரு முழம் இப்பால் நின்றது. பத்தரைக்கு மேல் நல்ல நேரம். அண்ணாச்சி பட்டு வேட்டி கட்டி, கல்லா மேஜைக்கு மஞ்சள் பூசி, குத்துவிளக்கு ஏற்றி, நாதஸ்வரம் சொல்லி, வியாபாரத்தை அரைமணி நேரம் நிறுத்திவிட்டார். அந்தக் கடையில் வியாபாரம் நின்றது பெரிய முதலாளி ஆவுடையப்பன் செத்த அன்றைக்குத்தான், அதுக்கப்புறம் இன்றைக்குத்தான். கூட்டம் முழுக்கக் கீழே. மேலே சந்தனமாரி மட்டும் தன் டைல்ஸில் நின்றாள், அலமாரியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. நரம்பு அசைய வேண்டுமானால் அவள் நிற்க வேண்டுமே. பிலோமினா படித் திருப்பத்தில் நின்று கீழே பார்த்து மேலே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அசையுதுக்கா. நாலு விரக்கட. ஒரு சாண் இருக்கு. மேளக்காரன் ரெடியா இருக்கான். எல்லாரும் கும்புடுதாங்க. யக்கா, தொடப்போவுது, தொடப்போவுது."

அப்புறம் பிலோமினாவின் குரல் நின்றது. நாதஸ்வரமும் வரவில்லை. ஐந்நூறு பேர் இருக்கிற கடையில் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் மேலே வந்தது.

"என்னட்டி ஆச்சு?"

பிலோமினா படியேறி ஓடி வந்தாள். "யக்கா, அது கல்லாவுக்குப் போவல. பெரிய முதலாளி நாக்காலிக்குப் போயிட்டு."

சந்தனமாரி படியிறங்கினாள். கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, கட்டுப் போட்ட காலைப் பின்னால் இழுத்து, பதினெட்டுப் படி. கூட்டம் விலகியது. கல்லாவுக்கு ஒரு சாண் முன்னால் நரம்பு இடதுபக்கம் திரும்பி, தேக்கு நாற்காலியின் முன்னங்கால் வழியாக ஏறி, கைப்பிடியில் ஒரு கிளை விட்டு, பிரம்புப் பின்னலுக்குள் இழை இழையாகப் பரவி, உட்காருகிற இடத்தின் நடுவில் போய் நின்றிருந்தது. அதற்கு மேல் போக அதற்கு எங்கேயும் வேலை இல்லை என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. மூன்று மாசமாக அது தேடியது லட்சுமியை இல்லை, பிள்ளையாரை இல்லை, பஸ் ஸ்டாண்டை இல்லை. பாவம், அது உட்கார ஒரு இடம் தேடியிருக்கிறது.

அண்ணாச்சி நாற்காலிக்குக் கிட்டே போனார். பிறகு மாலையைக் கழற்றினார். அப்பா படத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். படத்துக்குக் கீழே பிரம்பு பளிச்சென்று மஞ்சளாக, தொய்வில்லாமல், வாங்கி வந்த அன்றைக்கு இருந்த முறுக்கோடு இருந்தது. அதைத் தடவிப் பார்த்தார். இன்னொரு தடவை தடவிப் பார்த்தார்.

"அப்பா இதுல ஒக்காந்து நான் பாத்ததே இல்லையே," என்றார்.

யாருக்குச் சொன்னாரோ தெரியாது, எல்லோருக்கும் கேட்டது. கடை வைத்த வருஷம் ஆசையாக வாங்கிப் போட்ட நாற்காலி. வாடிக்கையாளர் நிற்கும்போது நான் எப்படி உட்கார என்று, கடைசி வரை அதன் பக்கத்தில் நின்றே வியாபாரம் பார்த்த மனுஷன். அவர் உட்கார்ந்த நாற்காலி என்று இருபது வருஷமாகச் சாம்பிராணி போட்டார்கள், அது அவர் உட்காராத நாற்காலி. ராசாமணிக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கடை லீவு நாளில் அப்பா தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் தூக்கிச் சுவரில் வைத்திருப்பார். ஒரு காலில் எப்போதும் துணி சுற்றியிருக்கும். அஞ்சு வயசு ராசாமணி அதை விளையாட்டு என்று நினைத்து, பக்கத்தில் படுத்துத் தன் காலையும் சுவரில் வைத்துக்கொள்வார். நாலு பாதம் வரிசையாக. துணிக்குள் என்ன என்று அவர் கேட்டதே இல்லை.

"ஒக்காரும்மா சந்தனமாரி," என்றார்.

இருபத்திரண்டு வருஷப் பழக்கம் லேசில் விடுமா? "இல்ல அண்ணாச்சி, இருக்கட்டும், நிக்கேன்," என்றாள் அவள்.

"ஒக்காரும்மா."

அவள் உட்கார்ந்தாள். நாற்காலி தன் ஆயுசில் முதல் தடவையாகக் கிரீச்சென்றது. அண்ணாச்சி லட்சுமி படத்துக்கு அடியிலிருந்து டாக்டரம்மாவின் சீட்டை உருவி, குங்குமத்தை ஊதிவிட்டு, ஊர் கேட்க உரக்கப் படித்தார். "சாய்ந்து உட்கார்ந்து, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும்." நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். அவ்வளவு உயரத்துக்கு அங்கே இருந்தது ஒன்றுதான். மஞ்சள் பூசிய கல்லா மேஜை. குத்துவிளக்கைத் தூக்கி ஓரமாக வைத்தார். போதவில்லை. தீபாவளிக்கு வந்த பட்டுச் சேலைக் கட்டு ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்துத் தட்டிச் சரிசெய்தார்.

"ஐயையோ, கல்லா மேலயா காலு? புதுத்துணி மேலயா? லட்சுமிக்கு நேராவா?" என்று கூட்டத்தில் ஒரு பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"லட்சுமி வாரா வாரான்னு மூணு மாசமாக் காத்துக் கெடந்தோம்லா," என்றார் அண்ணாச்சி. "வந்துட்டா. கால் வலிக்கி அவளுக்கு." குனிந்து, கட்டுப் போட்ட காலைத் தன் இரண்டு கையாலும் தூக்கிப் பட்டுச் சேலைக் கட்டு மேல் வைத்தார். 

"யக்கா, மாடில வெள்ளையாவுது!" என்று பிலோமினா மேலிருந்து கத்தினாள். காட்டன் பிரிவில் தொடங்கி, சுங்குடி அலமாரியைச் சுற்றி, ஒவ்வொரு படியாக, மூன்று மாசம் இறங்கி வந்த நீலம் அந்த ஒரு அரைமணி நேரத்தில் கீழே இறங்கி, தரையைக் கடந்து, நாற்காலிக் கால் வழியாக ஏறி, அவளுக்குள் திரும்பிப் போனது. பின்னால் வெறும் வெள்ளை டைல்ஸ் கிடந்தது. காலிலிருந்து ஏதோ ஒன்று மெல்ல, மெல்ல, மேல்நோக்கிப் போவது சந்தனமாரிக்குத் தெரிந்தது. கட்டுத் தளர்ந்தது. அவள் அழுதாள், துடைத்துக்கொள்ளவில்லை. அழுதபடியே தலை ஒரு பக்கம் சாய, தூங்கிப்போனாள்.

லேசர் வைத்தது, காலுறை போட்டது, புண் ஆற ஒன்றரை மாசம் எடுத்தது, பன்னிரண்டு ஸ்டூலிலும் பிளாஸ்டிக் தாளைப் பிரித்தது, பெண்கள் முறை வைத்து ஆளுக்கு அரைமணி நேரம் அந்த நாற்காலியில் சாய்ந்தது, எல்லாம் பிறகு. அன்றைக்கு அண்ணாச்சி நாதஸ்வரக்காரரைச் சைகையால் அனுப்பிவிட்டு, வியாபாரத்தைத் திறந்தார். முப்பது கிராமத்து ஜனமும் கல்லா மேஜையின் அந்தப் பக்கம் வரிசையில் வந்து, கட்டுப் போட்ட பாதத்தைச் சுற்றிக் கையை நீட்டி, மெதுவாகப் பணத்தைக் கொடுத்து, மெதுவாகப் பையை வாங்கிக்கொண்டு போனது. மத்தியானம் கை மாவோடு ஓடி வந்த வேலுச்சாமி வாசலிலேயே திகைத்து நின்றான். அண்ணாச்சி உதட்டில் விரலை வைத்து, ஒரு ஸ்டூலின் பிளாஸ்டிக்கைச் சத்தமில்லாமல் கிழித்து, "உக்காருங்க," என்று போட்டார்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற வரைக்கும் அவளை யாரும் எழுப்பவில்லை.